எந்திரம் எவர் கையில்?

அறிவியல் புதினம் என்றதும், "சிறுபிள்ளை விளையாட்டு" என்று ஒதுக்கித் தள்ளுவோர் ஒருபுறம். விண்கலம் வருகிறது, விந்தை விலங்கு வருகிறது, வேறென்ன வேண்டும் என்று வாய் பிளந்து நிற்போர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் இடையே நின்று, "கதை இருக்கட்டும், அது நம்மிடம் கேட்கும் கேள்வி என்ன?" என்று வினவுவோர் சிலரே. அந்தச் சிலர் பலராக வேண்டும் என்னும் ஆசையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

புதுக்கோட்டையில் திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில், நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடுகிறோம். தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை, நன்றியுரை இல்லை. ஒரு நூல், ஒரு பானைத் தண்ணீர், பதினைந்து பேர் – அவ்வளவே நம் அவை! ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர், தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர், பொறியியல் பயிலும் மாணவியும் மாணவனும், அன்னவாசல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வரும், அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் – இப்படிப்பட்டவர்கள். 1947இல் 'பொன்னி' இதழ் பிறந்த ஊர் இது. பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் துணைவியார் டோரதியும் வாழ்நாள் உழைப்பால் திரட்டி வளர்த்த 'ஞானாலயா' நூலகம் நிமிர்ந்து நிற்கும் ஊர் இது. இவ்வூரில் பிறந்துவிட்டு, நூலைப் பற்றிப் பேச நேரமில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

சென்ற கூட்டத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட நூல், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'.

எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பு! "நம் கொள்கைக்கும் அவர் எழுத்துக்கும் என்ன உறவு? படிக்க வேறு நூலா கிடைக்கவில்லை?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்விதான். ஆனால், எவர் சொன்னார் என்று பார்ப்பதை விடுத்து என்ன சொன்னார் என்று பார்க்கச் சொன்ன வள்ளுவரை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அட்டையில் உள்ள பெயரைப் பார்த்தே நூலை மூடிவிடுவது பகுத்தறிவாகுமா? படித்தபின் மறுப்போம், மறுப்பதற்காகவேனும் படிப்போம் என்றோம். இளைஞர் இசைந்தார். அன்று அதிகம் பேசியவரும் அவரே!

நூலாசிரியரைப் பற்றி ஒரு செய்தி. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட சுஜாதா (1935–2008), பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். மக்கள் வாக்களிக்க எந்திரம் சமைத்த அதே கை, வாக்குக்கே வேலையில்லாத ஒரு நாட்டைக் கதையில் சமைத்தது! 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த கதை அது. கதை நிகழும் காலம் 2021.

இந்தியா முழுவதும் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் கணக்கு, எல்லாம் கட்டளை. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் பூரிக்கிறாள் நிலா என்னும் இளம்பெண். சொல்லி மகிழக் கணவன் சிபி இல்லை, காணாமற் போகிறான். ரவி என்பவன் அவள் வீட்டில் தங்க வருகிறான். அவனோடு வருகிறது ஜீனோ – ஓர் எந்திர நாய். ரவியும் அவன் தோழன் மனோவும் ஜீவாவின் ஆட்சியைக் கவிழ்க்க முனைகிறார்கள். கதை விரைகிறது.

கதை விரையட்டும், நாம் சற்று நிற்போம். நாம் முதலில் நின்ற இடம், 'அனுமதி' என்னும் அந்த ஒரு சொல்.

தன் உடலில் தன் குழந்தையைச் சுமக்க எவனோ ஒருவன் தரும் ஒப்புதலை எதிர்பார்த்திருக்கிறாள் நிலா. கிடைத்ததும் துள்ளுகிறாள். 'இதைத் தர நீ யார்?' என்னும் கேள்வி அவள் நெஞ்சில் எழவே இல்லை. கொடுமை எது? அனுமதி மறுக்கப்படுவது கொடுமை. அனுமதி கேட்பது பழக்கமாகிவிடுவது அதனினும் பெருங்கொடுமை! இதைச் சொன்ன போது தையற்கடைச் சகோதரி சிரித்தார். "இதற்கு 2021 எதற்குங்க? எங்கள் பாட்டி காலத்திலிருந்தே இதுதானே நடக்கிறது" என்றார். உண்மைதான். 1886இல் நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பெண் ஒருத்தி வகுப்பறையில் அமர்ந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று கூக்குரலிட்டார்கள் அன்றைய பெரியவர்கள். கெட்டது யார்? அந்தப் பெண் மருத்துவரானார். சென்னைச் சட்ட மன்றத்தில் அமர்ந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். கெட்டுப்போனது கூக்குரல் மட்டுமே!

ஆக, புதினம் காட்டும் கொடுமை எதிர்காலத்துக் கொடுமை அன்று. பழைய கொடுமைக்குப் புதிய மின்விளக்கு போட்டுக் காட்டுகிறார் ஆசிரியர். நல்ல அறிவியல் புதினத்தின் இலக்கணமே இதுதான் என்பது நம் கருத்து.

இரண்டாவதாக நாம் நின்ற இடம், பெயர்கள். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ – எல்லாம் இரண்டிரண்டு எழுத்து. தற்செயல் அன்று, அந்த நாட்டின் சட்டம் அப்படி. பெயர் நீளக் கூடாது, கணிப்பொறிக்குத் தொல்லை! பொறியியல் மாணவன், "பெயர் சுருங்கினால் நல்லதுதானே? சாதிப் பட்டம் ஒட்ட இடமில்லாமற் போகும்" என்றான். சுவையான வாதம். ஆனால், 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்ததே, அப்போது எந்தச் சர்வாதிகாரி ஆணையிட்டான்? மானம் உணர்ந்த மக்கள் தாமே முன்வந்து தம் பெயரின் வாலை நறுக்கிக்கொண்டார்கள். அதுவும் பெயர்ச் சுருக்கம்தான்; இதுவும் பெயர்ச் சுருக்கம்தான். அது விடுதலை, இது விலங்கு! செயல் ஒன்றே, செய்தது எவர் விருப்பம் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது.

நம் நாட்டில் பெயர் சுருங்கவில்லை. ஆனால் எண் வந்து சேர்ந்தது. 2010 செப்டம்பர் 29ஆம் நாள் மகாராட்டிரத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பன்னிரண்டு இலக்கம். அது ஏழைக்குத் துணையா, அரசின் கண்காணிப்பா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, தனியுரிமை குடிமக்களின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுக்க ஆள் இருந்ததால் வந்த தீர்ப்பு அது! நிலாவின் நாட்டில் வழக்குத் தொடுப்பார் இல்லை. அதுதான் நமக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொலைவு. அந்தத் தொலைவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

இனி, புதினத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஜீவா யார்? நாடே வணங்கும் அந்தத் தலைவன், ஒளியால் வரைந்த உருவம்! டென்னிஸ் காபர் கண்டுபிடித்து 1971இல் நோபல் பரிசு பெற்றாரே, அந்த முப்பரிமாண ஒளிப்படிமம். அவன் உண்ணவில்லை, உறங்கவில்லை, மூப்படையவில்லை. ஏனெனில் அவன் இல்லவே இல்லை!

இல்லாத ஒருவனுக்கு இத்தனை அச்சமா என்று வியப்படைவீர்கள். ஏன் வியக்க வேண்டும்? இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி, அதன் பெயரால் ஆணை பிறப்பித்து, 'நான் சொல்லவில்லை, அவன் சொல்கிறான்' என்று கைகாட்டிப் பிழைக்கும் கூட்டம் நாம் அறியாததா? படிமத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்பவன் ஏழை; படிமத்துக்குப் பின்னால் கைநீட்டி நிற்பவன் தரகன். பகுத்தறிவாளர் பன்னூறு மேடைகளில் சொன்ன செய்தியை, தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு தொடர்கதைக்குள் வைத்துவிட்டார் சுஜாதா. அதற்கு நம் பாராட்டு உரியது. படிமம் உடைந்தபின் என்ன ஆகிறது என்பது இன்னும் கூர்மையானது. இரண்டாம் பகுதியான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா அரசியாகிறாள். ஆனால் அவள் ஒரு பொம்மை. ஆட்சி ரவி, மனோ கையில்! விக்கிரகத்தை அகற்றியவனே பூசாரியாக அமர்ந்துவிடுகிறான். புரட்சி பேசுவோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இது. நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இதுவரை புகழ்ந்தோம். இனிக் குறை.

ஜீனோவை விரும்பாதார் இல்லை. விளையாட்டுப் பொருளாக வந்த எந்திர நாய், நூல் படிக்கிறது, சிந்திக்கிறது, குறும்பு பேசுகிறது, இடர் வரும்போது நிலாவைக் காக்கிறது. நாமும் ஜீனோவின் அடிமையாகவே கூட்டத்திற்குச் சென்றோம். அந்த மயக்கத்தை உடைத்தவள் பொறியியல் மாணவி. "படிப்பது நாய்; ஐயப்படுவது நாய்; திட்டமிடுவது நாய். நிலா என்ன செய்கிறாள்? நம்புகிறாள், ஏமாறுகிறாள், அழுகிறாள். இந்த நாட்டில் கேள்வி கேட்க ஒரு மனிதப் பிறவி கூடவா இல்லை?" என்றாள். மாடி அமைதியாயிற்று.

கணக்காசிரியர் விடை சொல்ல முயன்றார்: "அதுதான் அம்மா ஆசிரியரின் எள்ளல். மனிதர்கள் சிந்திப்பதை நிறுத்தினால், பொம்மை சிந்திக்கத் தொடங்கும் என்கிறார்." நல்ல விளக்கம். எள்ளல் என்றே வைத்துக்கொள்வோம். எள்ளல் எதற்கு? எள்ளப்பட்டவர் விழித்துக்கொள்வதற்கு. இங்கே நிலா விழிக்கவில்லையே! இரண்டு பகுதிகள் முடிந்தும் அவளுக்குத் துணை அந்த நாய்தான். மக்களோ, பெருங்கூட்டமாக வருகிறார்கள், ஆரவாரம் செய்கிறார்கள், கலைகிறார்கள். அவர்களுக்கு முகமில்லை. வாரந்தோறும் முடிச்சுப் போட்டு நிறுத்த வேண்டிய தொடர்கதைக்கு முகம் வரைய நேரமில்லை என்பதை ஒப்புகிறோம். ஆனாலும் விளைவு என்ன? பகுத்தறிவை மனிதனிடமிருந்து எடுத்து எந்திரத்திடம் கொடுத்துவிட்டது கதை. 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்திய செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக், 1920இல் எழுதிய நாடகத்தில், கட்டாய உழைப்பைக் குறிக்கும் தம் நாட்டுச் சொல்லிலிருந்தே பிறந்த அதைக் கையாண்டார். அங்கே எந்திரம் மனிதனுக்காக வெட்டி வேலை செய்தது. இங்கே எந்திரம் மனிதனுக்காகச் சிந்திக்கவும் செய்கிறது. முதுகின் சுமையை இறக்கி வைக்கலாம். மூளையை இறக்கி வைக்கலாமா?

இரண்டாவது குறை இன்னும் பெரிது. அந்த 2021இல் சாதி எங்கே? ஒழிந்ததா? ஒழிந்ததென்றால் எப்படி? ஒழியவில்லையென்றால் அந்தப் பளபளப்பான நகரின் சாக்கடையில் இறங்குபவன் யார்? அவனுக்கும் இரண்டெழுத்துப் பெயர்தானா? விடையில்லை. வானளாவக் கற்பனை செய்தவர், வாசலைப் பார்க்க மறந்தார். கதை குறித்த ஆண்டுகள் மெய்யாகவே வந்தன. நம் மாவட்டத்தில் எப்படி வந்தன? 2022 டிசம்பரில், வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேனிலை நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. அதற்கு மேல் எழுத நம் கை கூசுகிறது. எந்திர நாய் வரவில்லை. ஒளிப்படிமத் தலைவன் வரவில்லை. கையில் கைப்பேசி வந்தது, நெஞ்சில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. எதிர்காலத்தை எழுதுவோர் எவராயினும், அந்தத் தொட்டியைத் தாண்டி எழுத முடியாது.

இவ்வளவும் பேசி முடித்தபின், அதுவரை வாய் திறவாத அன்னவாசல் பக்கத்து அம்மையார் நம்மைப் பார்த்தார். "தம்பி, எனக்கு அந்த நாய் வேண்டாம். எனக்கு ஒரு சைக்கிள் வந்தது, அதைச் சொல்லட்டுமா?" என்றார்.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமல், ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஒரு லட்சத்தில் ஒருவர் இந்த அம்மையார்.

"விழுந்து முழங்கால் பெயர்ந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் குடத்தை வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். சிரித்தவர்கள் வழி விட்டார்கள். அதுவரைக்கும் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டு போனவள்தான் தம்பி நான். சைக்கிள் ஏறின பிறகு, சொல்லிவிட்டுப் போனேன்."

கேட்டுக்கொண்டு போவது; சொல்லிவிட்டுப் போவது! இரண்டுக்கும் இடையே இரண்டு சக்கரம். புதினத்தின் இரு பகுதிகளிலும் நாம் தேடிய விடையை, ஒரே தொடரில் சொல்லி முடித்தார் அம்மையார். எந்திரம் பகையும் அன்று, நட்பும் அன்று. அதன் கைப்பிடி எவர் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. நிலாவின் நாட்டில் எந்திரம் ஆள்பவன் கையில் இருந்தது, அடிமை பிறந்தாள். புதுக்கோட்டையில் எந்திரம் பெண்ணின் கையில் வந்தது; அடிமைத்தனம் செத்தது.

இதை முன்பே கண்டவர்கள் உண்டு. வங்கத்து இசுலாமியப் பெண்மணி ரொக்கேயா, 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை 1905இல் எழுதி, நம் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அங்கே கதிரவனின் வெப்பத்தைப் பிடித்துப் பயன்கொள்பவர்கள் பெண்கள். வானில் பறப்பவர்கள் பெண்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்கள் ஆண்கள்! 1940களில் பெரியார் 'இனிவரும் உலகம்' என்னும் சிறு நூலில், ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும், ஆண் பெண் சேர்க்கையின்றியும் பிள்ளைப்பேறு நிகழும் என்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள், 1978இல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. கருவி எப்படியிருக்கும் என்று சொன்னதற்காக மட்டும் அவ்விருவரையும் நாம் போற்றவில்லை. கருவி வந்தால் யாருடைய முதுகு நிமிரும் என்று கேட்டார்களே, அதற்காகப் போற்றுகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்காத அறிவியல் புதினம், மின்சாரத்தால் ஓடும் மாயாஜாலக் கதை.

கூட்டம் முடிந்த மறுநாள், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு '2060இல் நம் ஊர்' என்று கட்டுரை எழுதத் தந்தோம். முப்பத்திரண்டு ஏடுகள் வந்தன. பதினோரு ஏடுகளில் ஒரே பத்தி, எழுத்துப் பிசகாமல்! பறக்கும் மகிழுந்து, பசுமை நகரம், எல்லார்க்கும் மகிழ்ச்சி. வீட்டுக் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டு எழுதியது. சினந்தோம், பிறகு நாணினோம். கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கு நாம் எப்போது கற்றுக்கொடுத்தோம்? விடையை ஒப்பிக்கத்தானே கற்றுக்கொடுத்தோம்? ஒப்பிப்பதில் எந்திரம் நம்மை வென்றுவிட்டது, அதில் வியப்பென்ன? ஜீனோவுக்கு நிலா என்று ஏளனம் பேசிய நாமே, பதினோரு நிலாக்களை வகுப்பில் வளர்த்திருக்கிறோம்.

ஆனால் ஓர் ஏட்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு சிறுமி நான்கே வரிகள் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இரண்டு. அவள் சொன்னது இதுதான்: 2060இல் எங்கள் தெருவுக்கென்று தனித் தண்ணீர்த் தொட்டி இருக்காது. ஊருக்கெல்லாம் ஒரே தொட்டிதான் இருக்கும்.

தோழர்களே, இந்த ஆண்டு நாம் படித்த அறிவியல் புனைவுகளுள் தலைசிறந்தது அந்த நான்கு வரி. எந்த எந்திரமும் அதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எவரிடமும் அனுமதி கேட்டு அவள் எழுதவில்லை. சுஜாதாவின் புதினத்தைப் படியுங்கள். ஜீவாவின் படிமம் உடையும் இடத்தில் கை தட்டுங்கள். ஜீனோவை விரும்புங்கள், தவறில்லை. நூலை மூடியபின், ஜீனோ கேட்ட கேள்விகளை உங்கள் வாயால் கேளுங்கள். ஊர்தோறும் பத்துப் பேர் கூடி ஒரு நூலைப் பேசினால், அந்தச் சிறுமியின் 2060 நம் கைக்கு எட்டும். அடுத்த இரண்டாம் ஞாயிறன்று 'சுல்தானாவின் கனவு' பேசவிருக்கிறோம். மாடிப்படி குறுகலானது, கதவு திறந்தே இருக்கும்.